மேற்கு வர்ஜீனியா கான்ஃபரன்ஸ் ஏன் கலைந்தது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கச் சிறு கல்லூரிகளின் விளையாட்டு அமைப்புகளைப் பற்றி எழுதியபோது, மேற்கு வர்ஜீனியாவின் கான்ஃபரன்ஸ் (கல்லூரிகள் தங்களுக்குள் போட்டி நடத்தச் சேர்ந்த கூட்டமைப்பு) 1924இல் தொடங்கி 2013இல் கலைந்தது என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். 89 வருடம் நின்ற அமைப்பு. பணமில்லாமல் மூடினார்களா, பங்காளிச் சண்டையா? 15 கல்லூரிகளில் 9 வெளியேறியதாகப் படித்தேன். மிச்சமிருந்த 6 கல்லூரிகள் அதே பெயரில் நடத்தியிருக்கக் கூடாதா? அவர்களுடைய கூடைப்பந்துப் போட்டி என்ன ஆயிற்று?

ம.செ.

அன்புள்ள ம.செ.,

பங்காளிச் சண்டைதான். அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் கல்லூரிகள் ஒருபக்கம், ஆடாதவை மறுபக்கம். 2012 ஜூனில் விலகுவதாக அறிவித்த ஒன்பதும் ஃபுட்பால் கல்லூரிகள்: சார்ல்ஸ்டன், கான்கார்ட், ஃபேர்மான்ட் ஸ்டேட், கிளென்வில் ஸ்டேட், ஷெப்பர்ட், வெஸ்ட் லிபர்ட்டி, வெஸ்ட் வர்ஜீனியா ஸ்டேட், வெஸ்ட் வர்ஜீனியா வெஸ்லியன், பென்சில்வேனியாவிலிருந்து சீட்டன் ஹில்.

காரணம் அட்டவணையில் இருக்கிறது. ஒன்பது அணிகள் ஒன்றோடொன்று ஒருமுறை மோதினால் ஆளுக்கு 8 ஆட்டம். இவர்கள் இருந்த டிவிஷன் 2, அதாவது கல்லூரி விளையாட்டின் இரண்டாம் பிரிவு, அதன் விதிப்படி ஒரு பருவத்தில் 11 வரை ஆடலாம். மீதி மூன்றுக்கு வெளியே ஆள் பிடிக்க வேண்டும். எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் வாராவாரம் ஒரு அணி சும்மா உட்காரும். அந்த வாரம் அக்டோபரில் வந்துவிட்டால் எதிரணி கிடைப்பது பெரும்பாடு, மற்ற கான்ஃபரன்ஸ்கள் எல்லாம் அப்போது தங்களுக்குள் ஆடிக்கொண்டிருக்கும். கூடைப்பந்தில் சிக்கல் தலைகீழ். 15 அணிகள் இருமுறை மோதினால் 28 ஆட்டம். பருவத்தில் அவ்வளவு இடமே கிடையாது. ஒரு விளையாட்டுக்கு ஆள் போதவில்லை, இன்னொன்றுக்கு ஆள் அதிகம். ஷெப்பர்டிலிருந்து இன்னொரு உறுப்பினரான புளூஃபீல்டுக்கு 400 கி.மீ.க்கு மேல் பஸ் பயணம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணமும் உண்டு, நீங்கள் நினைக்கும் வழியில் அல்ல. டிவிஷன் 2இல் ஒரு ஃபுட்பால் அணிக்கு உச்சவரம்பு 36 முழு உதவித்தொகை. அதைத் துண்டு துண்டாக நூறு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். மீதிக் கட்டணம் மாணவர் தலையில். ஆயிரம் பேர் படிக்கும் தனியார் கல்லூரியில் அந்த நூறு பேர் பத்தில் ஒரு பங்கு. அவர்களுக்கு ஃபுட்பால் என்பது மாணவர் சேர்க்கைத் திட்டம். அந்தத் திட்டம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து விதி எழுதினால் உரசல் வராமல் போகாது.

புதிதாக உருவான மவுன்டன் ஈஸ்ட் கான்ஃபரன்ஸில் 12 பேர். விலகிய ஒன்பதில் எட்டு. சீட்டன் ஹில் கடைசியில் பென்சில்வேனியா கான்ஃபரன்ஸுக்குப் போனது. வெளியிலிருந்து ஒஹாயோவின் நாட்டர் டேம், அர்பானா, வர்ஜீனியாவின் வைஸ். பன்னிரண்டாவது இடம் மிச்சமிருந்த ஆறில் ஒன்றான வீலிங் ஜெஸ்யூட்டுக்கு. அங்கே அப்போது ஃபுட்பாலே கிடையாது! ஆக ஃபுட்பால் அணிகள் 11, ஆளுக்கு 10 ஆட்டம் உள்ளேயே கிடைத்துவிடும். வெளியே தேட வேண்டியது ஒன்றுதான்.

ஆறு பேர் ஏன் தொடரவில்லை? ஆறு அணிகள் இருமுறை ஆடினாலும் 10 ஆட்டம்தான். எல்லா விளையாட்டிலும் ஆறு கல்லூரிக்கும் அணி இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. தேசியப் போட்டிக்குச் சாம்பியனை நேரடியாக அனுப்பக் குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை தேவை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆல்டர்சன் பிராடஸ், டேவிஸ் அண்ட் எல்கின்ஸ், ஒஹாயோ வேலி மூன்றும் கிரேட் மிட்வெஸ்ட் என்ற வேறொரு கான்ஃபரன்ஸில் சேர்ந்தன. பிட்-ஜான்ஸ்டவுன் சீட்டன் ஹில் போன வழியே போனது. புளூஃபீல்டு ஸ்டேட் தனியாக நின்றது. வீலிங் கதை மேலே.

இதில் எனக்குப் பிடித்த பகுதி பிறகு நடந்தது. ஃபுட்பால் இல்லை என்று கைவிடப்பட்ட ஆல்டர்சன் பிராடஸ் அதே 2013இல் அணி இறக்கியது. வீலிங் 2019இல், புளூஃபீல்டு 2021இல். ஆறில் மூன்று! இருந்தும் ஃபுட்பால் எல்லோரையும் காப்பாற்றவில்லை. ஆல்டர்சன் பிராடஸ் 2023இல் மூடப்பட்டது. புதிய கூட்டில் வந்தவர்களில் அர்பானா 2020இல், நாட்டர் டேம் 2024இல் போயின. ஷெப்பர்டும் 2019இல் பென்சில்வேனியா பக்கம் தாவிவிட்டது.

பழைய கான்ஃபரன்ஸைச் சின்னதாக நினைத்துவிட வேண்டாம். இன்று பெரிய பல்கலைக்கழகமான மார்ஷல் ஒருகாலத்தில் அதன் உறுப்பினர். 1967இல் ஃபேர்மான்ட், சிறு கல்லூரிகளின் தேசிய அமைப்பான என்.ஏ.ஐ.ஏ.வின் ஃபுட்பால் சாம்பியன். இன்று எல்லோரும் ஆடும் ஸ்பிரெட் (வீரர்களை மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்தும்) ஆட்டமுறையின் ஒரு கிளையைப் பயிற்சியாளர் ரிச் ராட்ரிகஸ் 1990களில் கிளென்வில்லில்தான் செதுக்கினார். கறுப்பினத்தவருக்கான கல்லூரிகளாக இருந்த வெஸ்ட் வர்ஜீனியா ஸ்டேட்டும் புளூஃபீல்டும் 1950களின் நடுவில் இதில் சேர்ந்தன.

கூடைப்பந்துப் போட்டி 1936இல் மேற்கு வர்ஜீனியாவின் பக்கானன் ஊரில் தொடங்கி, 1960 முதல் சார்ல்ஸ்டன் சிவிக் சென்டரில் நடந்தது. புதிய கான்ஃபரன்ஸ் அதை முதலில் அங்கேயே நடத்தியது. பிறகு வீலிங்குக்குக் கொண்டுபோனது.