கரடிக்குக் கால் உண்டு

கேள்வி: நல்ல நேரத்தைக் கெடுக்க வருபவரைச் ‘சிவபூஜையில் கரடி நுழைந்ததுபோல’ என்கிறோம். அந்தக் கரடி விலங்கே அல்ல, ‘கரடிகை’ என்னும் வாத்தியம், அதுதான் உண்மைப் பொருள் என்கிறார் என் மைத்துனர். சரியா?
— வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: ‘உண்மைப் பொருள்’! இதைக் கண்டாலே எனக்குக் காய்ச்சல் வருகிறது. நம் பாட்டிமார் அத்தனை பேரும் பொய்ப் பொருளில் பேசிவிட்டுப் போனார்களாம். கைபேசியில் காலை வணக்கம் அனுப்புகிறவர்கள் அதைத் திருத்த அவதரித்திருக்கிறார்களாம். மண் குதிரையை ‘மண் குதிர்’ ஆக்கினார்கள். ஆயிரம் பேரைக் கொன்ற அரை வைத்தியனை ‘ஆயிரம் வேரைக் கொன்றவன்’ ஆக்கி வழக்கிலிருந்து விடுவித்தார்கள். கழுதையிடமிருந்து கற்பூரத்தையும் பிடுங்கியாகிவிட்டது. பழமொழியில் இருந்த கிண்டல் போய், பள்ளிக்கூடத்துப் பாடம் மிஞ்சுகிறது. இப்போது கரடியின் முறை.

கரடிகை என்றொரு தோற்கருவி உண்டு, மறுக்கவில்லை. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் அதைச் சல்லிகை என்ற இன்னொரு தோற்கருவிக்குப் பக்கத்திலேயே வைக்கிறார். ஆனால் பூஜையில் வாத்தியம் ஒலிப்பது எப்படி இடைஞ்சலாகும்? நுழைவதற்கு அதற்குக் கால்தான் ஏது?

இதை விக்கிரமசிங்கபுரத்துக்காரர் கேட்பதுதான் வேடிக்கை. பாபநாசம் மலை உங்கள் கொல்லைப்புறம். களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து 1988-இல் புலிகள் காப்பகம் ஆனது முதல் பெயரெல்லாம் புலிக்கு. ஊருக்குள் இறங்கி வருவது சிறுத்தையும் கரடியும்தான். 2022 நவம்பரில் கடையம் பக்கம் ஒரு கரடி மூன்று பேரைத் தாக்கியது. கறையான், தேன், பழம், இலுப்பைப் பூ இவையெல்லாம் கரடிக்கு உயிர். கோவிலில் வாழைப்பழம் இருக்கிறது, தேங்காய் இருக்கிறது; அந்தக் காலத்து விளக்கில் எரிந்ததோ இலுப்பை எண்ணெய். வேறென்ன அழைப்பு வேண்டும்? நீலகிரியில் கரடிகள் கோவிலுக்குள் புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது இன்றும் செய்தித்தாளில் வருகிறது. பழமொழி சொன்னவருக்கு அகராதி தேவைப்பட்டிருக்காது.

வாத்தியம் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. ஸ்விட்சைத் தட்டினால் மணியும் முரசும் தாமே அடித்துக்கொள்ளும் மோட்டார் மேளம். தீபாராதனையில் அது முழங்கும்போது அர்ச்சகரின் மந்திரம் சுவாமிக்கே கேட்காது. சிவபூஜையைக் கெடுக்கும் வாத்தியம் என்றால் இது ஒன்றுதான். தவில்காரரை வெளியே நிறுத்திவிட்டு இந்தத் தகரப் பெட்டியை உள்ளே வைத்ததைப் பற்றி முன்பு இந்தப் பக்கத்தில் எழுதினேன். ஒரு கோவில் நிர்வாகி சந்தாவை நிறுத்திவிட்டார். தவில்காரர் ஒருவர் புதிதாகக் கட்டியிருக்கிறார். கணக்கு நேர்.