மீன்தொட்டியின் மேலே குறுக்குப் பட்டை எதற்கு? வீட்டிலேயே ஒட்டலாமா?

குறுக்குப் பட்டை என்பது தொட்டியின் முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் மேல் விளிம்பருகே இழுத்துப் பிடிக்கும் ஒரு கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான். தண்ணீர் பக்கவாட்டிலும் தள்ளும். 100 செ.மீ. நீளத் தொட்டியில் 50 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், முன் கண்ணாடியை மட்டும் சுமார் 125 கிலோ எடைக்குச் சமமான விசை வெளியே தள்ளுகிறது. மற்ற மூன்று ஓரங்களும் ஒட்டியிருக்க, மேல் ஓரம் மட்டும் பிடிப்பில்லாமல் நிற்பதால் அதன் நடுப்பகுதி வளையும். திறந்த அட்டைப்பெட்டியில் மணலைக் கொட்டிப் பாருங்கள், வயிறு தள்ளும். வாயின் குறுக்கே டேப் ஒட்டினால் அடங்கிவிடும்.

வீட்டிலேயே ஒட்டலாம். தொட்டியைக் காலி செய்து, காயவைத்து, ஒட்டும் இடத்தில் பழைய சிலிக்கானை (கண்ணாடிகளை ஒட்டும் ரப்பர் போன்ற பசை) பிளேடால் முழுக்கச் சுரண்டுங்கள். அதன்மேல் புதியது சரியாகப் பிடிக்காது. பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிக்கான் மீனுக்கு ஆகாது. அப்புறம், தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே இறுகியிருக்காது. தண்ணீர் ஊற்ற ஒரு வாரமாவது பொறுங்கள்.

லிட்டர் கூடினால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். தொட்டியை முன்பின்னாக எவ்வளவு அகலப்படுத்தினாலும் முன் கண்ணாடிமீது அழுத்தம் மாறாது, தண்ணீரின் உயரம் கூடினால்தான் கூடும்.