தண்டனைக்குக் களை பறிக்கச் சொல்லாதீர்கள்

களத்துமேடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(பதில் சொல்பவர் 31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இப்போது மன்னார்குடிப் பக்கம் மூன்று மா நிலத்தில், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கரில், நெல் பயிரிடுகிறார்.)

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். நிலக்கடலை வேரில் காய்க்கிறது என்று அவன் சொல்ல, இல்லை, கிளையில்தான் என்று என் கணவர் சொல்ல, வீட்டில் பெரிய வாக்குவாதம். நாங்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. பால்கனியில் நான்கு தொட்டிகளுக்கு மேல் வைக்க இடமில்லை. விவசாயத்தை எப்படிக் காட்டுவது? – தாம்பரம் வாசகி

பதில்: அம்மா, முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இருவருக்கும் பாதிப் பாதி மதிப்பெண்.

நானும் ஒரு காலத்தில் உங்கள் மகன் கட்சிதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேரட், முள்ளங்கி, நிலக்கடலை என்று வரிசையாகக் கரும்பலகையில் எழுதி, மேலே 'வேர்' என்று தலைப்பும் போட்டுவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "டீச்சர், கடலைக்கு விழுதுதானே இறங்கும்?" என்றான். அவன் வீட்டில் கடலை போட்டிருந்தார்கள். நான் தாவரவியல் பட்டம் வாங்கியிருந்தேன். அன்று அவனை உட்காரச் சொன்னேன். மறுநாள் நூலகத்தில் பார்த்துவிட்டு வந்து வகுப்பின் முன் மன்னிப்புக் கேட்டேன்.

நடப்பது இதுதான். விதைத்து 25, 30 நாளில் செடியின் அடிப்பக்கத்தில் மஞ்சள் பூ வரும். பூ வாடிய பிறகு அதன் அடியிலிருந்து ஊசி போல ஒரு காம்பு நீண்டு, தலைகீழாகத் தரையை நோக்கி வரும். அதைத்தான் விழுது என்கிறார்கள். சூல் அதன் நுனியில் இருக்கிறது. அந்த நுனி மண்ணுக்குள் புகுந்து, இருட்டில்தான் காயாகத் திரளும். ஆக, பூத்தது கிளையில், காய்த்தது மண்ணில், வேருக்கு இதில் பங்கில்லை.

பால்கனியில் ஒரு தொட்டியைக் காலி செய்யுங்கள். காலியான 20 லிட்டர் பெயிண்ட் வாளி இருந்தால் அடியில் நான்கு துளை போட்டு, செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து நிரப்புங்கள். நல்ல வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். மூன்று பச்சை நிலக்கடலைப் பருப்பு போதும், சிவப்புத் தோல் உரியாததாகப் பாருங்கள். (என் மாணவி ஒருத்தி வறுத்த கடலையை விதைத்துவிட்டுப் பன்னிரண்டு நாள் தண்ணீர் ஊற்றினாள். நான் அதைத் தடுக்கவில்லை. பிறகு வறுத்தால் விதைக்கு என்ன ஆகிறது என்று அவளே வகுப்பெடுத்தாள்.)

வாளியின் விளிம்பைத் தாண்டிச் சாயும் கிளைகளை உள்ளே தள்ளாதீர்கள். அவற்றின் விழுதுகள் கத்தரிப்பூ நிறத்தில் காற்றில் தொங்கும். எட்டும் தூரத்தில் மண் இருக்காது. சில நாளில் நுனி கருகிக் காய்ந்துபோகும். உள்ளே இறங்கிய விழுது காயாகும், வெளியே தொங்கியது ஆகாது. ஒரே செடியில் இரண்டையும் உங்கள் மகன் பார்த்துவிட்டால், நிலக்கடலைச் செடியின் அடியில் ஏன் 45 நாளில் மண்ணைக் குவித்து அணைக்கிறார்கள் என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றரை மாதத்தில் வாளியைக் கவிழ்த்துவிடலாம். ஒரு கைப்பிடி தேறினால் அதிகம். உங்கள் கணவருக்கும் இரண்டு கொடுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதித் தனியார் பள்ளி ஒன்று, 'ஒருநாள் உழவர்' என்று பிள்ளைகளை வயலுக்கு அழைத்துப்போய் நாற்று நடவைக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம். இதனால் பயன் உண்டா? – கோவை வாசகர்

பதில்: 2025 சம்பா நடவின்போது என் வயலுக்கே அப்படி ஒரு கூட்டம் வந்தது. ஏறக்குறைய அறுபது பிள்ளைகள், இரண்டு பஸ். சேற்றில் இறங்கினார்கள், ஒருவர்மேல் ஒருவர் சேற்றை அள்ளி அடித்துக்கொண்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் நட்ட நாற்றில் பாதி மறுநாள் காலை தண்ணீரில் மிதந்தது. நடவுப் பெண்கள் அதை எடுத்துவிட்டுத் திரும்ப நட்டார்கள். "பிள்ளைகள் நட்டது ஒரு கூலி, நாங்கள் நட்டது ஒரு கூலியா டீச்சர்?" என்று சிரித்தார்கள். கொடுத்தேன்.

குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. நடவு தெரிந்தவர்கள் அங்கேயே நின்றார்கள், அவர்களை யாரும் ஆசிரியராக நினைக்கவில்லை. பிறகு நான்தான் மூத்த பெண்மணி ஒருவரைக் கூப்பிட்டு, "பெரியம்மா, நீங்கள் சொல்லிக்கொடுங்கள்" என்றேன். நாற்று முடியை இடது கையில் அணைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாற்றைப் பிரித்து, கட்டைவிரலும் இரண்டு விரலுமாகச் சேர்த்து, மேலாக ஊன்றிவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டே போனார். "ஆழமாகக் குத்தினால் தூர் வெடிக்காது, பக்கத் தண்டு கிளைக்காது. அழுத்துவது பலம் இல்லை" என்றார். பத்து நிமிடம். அந்த நாளில் உருப்படியாக நடந்த பாடம் அதுதான்.

அப்புறம் பிள்ளைகளை வரப்பில் உட்காரவைத்து ஒரு கணக்குப் போட்டோம். இதை நீங்களும் எந்த ஊரிலும் செய்யலாம். எங்கள் பக்கம் 12 அடிக்கு 12 அடி ஒரு குழி. நூறு குழி ஒரு மா, மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். நான்கு குச்சியும் கயிறும் கொண்டு ஒரு குழியை அளந்து கட்டச் சொன்னேன். "இவ்வளவுதானா, எங்கள் வீட்டு ஹால் அளவு" என்றாள் ஒரு பெண்.

என் வயலில் நன்றாக விளைந்தால் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையாக 35 வரும், 2,100 கிலோ. ஏக்கருக்கு 300 குழி என்று வகுத்தால் குழிக்கு 7 கிலோ நெல். அரைத்தால் நாலரைக் கிலோ அரிசி தேறும். உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி என்று கேட்டேன். பலருக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தி ஒரு கிலோ என்றாள். அப்படியானால் அந்தச் சதுரம் ஏறக்குறைய ஐந்து மாதம் நின்று விளைந்து அவள் குடும்பத்துக்குப் போடுவது நாலரை நாள் சோறு. எல்லாரும் கயிற்றைத் திரும்பிப் பார்த்தார்கள்.

விலையும் போட்டோம். 2025–26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டால் (100 கிலோ) 2,369 ரூபாய். 7 கிலோவுக்கு 166 ரூபாய். மாநில ஊக்கத்தொகை சேர்ந்தால் கொஞ்சம் கூடும். விதை, உழவு, நடவு, உரம், அறுவடை இயந்திர வாடகை எல்லாம் இதற்குள்தான். சிவப்புத் தொப்பி போட்ட பையன் ஒருவன் விரலால் சேற்றில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். என்ன என்று கேட்டேன். "இன்றைக்கு நான் கட்டிய 450 ரூபாய் இரண்டே முக்கால் குழி நெல், டீச்சர்."

பள்ளி நிர்வாகத்தார் முகம் அப்போது பார்க்கும்படி இல்லை. ஆக, பயன் உண்டா என்றால், கணக்கு நோட்டோடு போனால் உண்டு. அறுவடைக்கும் திரும்ப அழைத்துவந்தால் இன்னும் உண்டு. என் வயலுக்கு யாரும் திரும்ப வரவில்லை.

கேள்வி: எங்கள் அரசு நடுநிலைப் பள்ளியில் காய்கறித் தோட்டம் போடுகிறோம். கோடை விடுமுறையில் எல்லாம் காய்ந்துவிடுகிறது. அடக்கமில்லாத மாணவர்களுக்குத் தோட்ட வேலை கொடுத்துப் பார்த்தோம், அப்போதும் ஆர்வம் வரவில்லை. – காங்கேயம் பக்கத்து ஆசிரியர்

பதில்: தம்பி, உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. வகுப்பில் பேசினால் களை பறி, வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் தண்ணீர் ஊற்று என்றால், களை பறிப்பது தோற்றவன் வேலை என்று பிள்ளை படித்துக்கொள்கிறான். அவன் அப்பா அதே வேலையைச் செய்துதான் அவனைப் பள்ளிக்கு அனுப்புகிறார். நாளைக்கே நிறுத்துங்கள். முடிந்தால், நன்றாகப் படித்த வாரத்துக்குப் பரிசாகத் தோட்டச் சாவியைக் கொடுங்கள்.

விடுமுறை விஷயம் எளிது. பள்ளி திறக்கும் ஜூனில் கீரையும் வெண்டையும் போடுங்கள். கீரை 25 நாளில் கைக்கு வரும், வெண்டை ஒன்றரை மாதத்தில் முதல் பறிப்பு. ஆடியில் அவரை. மே மாதத்தை மறந்துவிடுங்கள், அந்த மாதத்துக்குக் காய்கறிச் செடியே வேண்டாம். நிரந்தரமாக நிற்பதற்கு வேலியோரம் முருங்கைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நான்கு, சத்துணவுத் தட்டு கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழை இரண்டு. முருங்கைக்கீரை சத்துணவுச் சாம்பாரில் விழும் நாளில் யார் பறித்தது என்று பெயர் சொல்லி அறிவியுங்கள்.

கேள்வி: பசு தினமும் பால் தருகிறது. அதற்கு ஏன் கன்று வேண்டும்? – ஆறாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

பதில்: கண்ணு, கன்று போட்டால்தான் பசுவுக்குப் பால் சுரக்கும். ஒன்பது மாதத்துக்கு மேல் வயிற்றில் சுமந்து கன்று ஈனும். பிறகு சுமார் பத்து மாதம் கறக்கலாம். அதன்பின் பால் வற்றிவிடும். அடுத்த கன்று பிறந்தால் மறுபடி பால். ஆகவே உன் வீட்டுக் காப்பியில் இருப்பது ஒரு கன்றுக்குட்டிக்காகச் சுரந்த பால்.

காளைக்கன்று பிறந்தால் என்ன செய்வார்கள் என்று அடுத்துக் கேட்பாய். உழவுக்கும் வண்டிக்கும் மாடு தேவைப்பட்ட காலத்தில் வளர்த்தார்கள். இப்போது டிராக்டர் வந்துவிட்டதால் பெரும்பாலும் விற்றுவிடுகிறார்கள். பெரியவர்கள் இதைச் சொல்லத் தயங்குவார்கள். நீ கேள்.

கேள்வி: நான் விவசாயி. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் வேளாண்மைப் பட்டம் படிக்கவேண்டும் என்கிறாள். "இந்தச் சேற்றிலிருந்து தப்பிக்கத்தானே படிக்கவைத்தோம்" என்கிறார் என் மாமியார். – கும்பகோணம் வாசகர்

பதில்: படிக்கட்டும். 1868-இல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906-இல் கோவைக்குப் போன படிப்பு அது. விதைச் சான்று, வங்கி, ஆராய்ச்சி, வேளாண் துறை என்று வேலைகள் பல இருக்கின்றன. மாமியாரிடம் அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

உங்களிடம் நான் கேட்பது வேறு. உங்கள் வரவு செலவு நோட்டை மகளிடம் கொடுத்திருக்கிறீர்களா? நஷ்டம் வந்த ஆண்டுகளையும் சேர்த்து? கொடுங்கள். அதைப் படித்த பிறகும் ஆசை குறையாவிட்டால் விண்ணப்பம் போடுங்கள்.

கடைசியாக ஒரு திட்டு. நாகப்பட்டினம் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்: "நீங்கள் சென்ற மாதம் சொன்னபடி, தண்ணீரில் முட்டையைப் போட்டு, அது மேலே வந்து மிதக்கும்வரை உப்புக் கரைத்தோம். முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைப் போட்டு, மிதந்த பதரை நீக்கினோம். மூழ்கிய நல்ல விதையை அப்படியே எடுத்து முளைகட்டினோம். ஒன்றுகூட முளைக்கவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்."

தவறு என்னுடையது. விதையை உடனே எடுத்து, உப்பு போக நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும் என்ற வரியை எழுதாமல் விட்டேன். பிள்ளைகளிடம் என் பெயரைச் சொல்லிவிடுங்கள். உங்கள் முகவரிக்கு இரண்டு கிலோ விதைநெல் பஸ்ஸில் அனுப்புகிறேன். அந்த முட்டையைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதை வேகவைத்துச் சாப்பிடலாம்.