பேட்டரியில் ஓடும் மழைமானிக்கு நிகழ்வு சார்ந்த நிரல் (ஏதாவது நடந்தால் மட்டும் விழித்து வேலை செய்வது) அவசியமா, டிலே (குறித்த நேரம் சும்மா காத்திருக்கும் கட்டளை) போதாதா?

நீங்கள் சொன்ன அமைப்பு: பினாங்கின் பாலிக் புலாவ் சரிவில் டுரியான் தோட்டம், 3.3 வோல்ட் புரோ மினி (8 பிட் ஏவிஆர் சிப் உள்ள சிறு ஆர்டுவினோ போர்டு), எஸ்எக்ஸ்1276 லோரா மாட்யூல் (தொலைதூர ரேடியோ), டிஎஸ்18பி20 வெப்பச் சென்சார், ரீட் சுவிட்ச் (காந்தம் நெருங்கினால் மூடும் சுவிட்ச்) வைத்த கவிழ்கலன் மழைமானி (சிறு கலன் நிரம்பிக் கவிழும் ஒவ்வொரு தடவையும் ஒரு எண்ணிக்கை). 15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்ப லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் முதன்மை நிரல்பகுதி) டிலே. மூன்று வாரத்தில் பேட்டரி காலி, கனமழையில் கணக்கு குறைச்சல். இரண்டுக்கும் காரணம் அந்த டிலேதான்.

டிலே ஓடும்போது சிப் தூங்குவதில்லை, முழு வேகத்தில் சும்மா சுற்றுகிறது. 8 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 4 மில்லிஆம்ப் என்று வைத்தால், 2000 மில்லிஆம்ப்-மணி பேட்டரி 500 மணி நேரம், அதாவது 21 நாள். அந்த நேரத்தில் கலன் கவிழ்ந்தாலும் கவனிக்க ஆளில்லை.

உங்களிடம் இருக்கும் நிகழ்வுகள் நான்கே: கலன் கவிழ்வது, வாட்ச்டாக் டைமர் (சிப் தூங்கும்போதும் ஓடும் உள் டைமர்) எழுப்புவது, வெப்ப அளவீடு முடிவது, ரேடியோ அனுப்பி முடித்ததை டிஐஓ0 பின்னில் (மாட்யூலின் சமிக்ஞைக் கால்) சொல்வது. இன்டரப்ட் ரூட்டின் (நிகழ்வு வந்ததும் மற்றதை நிறுத்திவிட்டு ஓடும் சிறு நிரல்) ஒரு கொடியை, அதாவது நிகழ்வு நடந்ததைக் குறிக்கும் மாறியை, தூக்கிவிட்டோ எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டோ உடனே வெளியேற வேண்டும். அதற்குள் சீரியல் பிரிண்டும் கூடாது, ரேடியோவோடு பேச்சும் கூடாது. மெயின் லூப் கொடியைப் பார்த்து, அந்த வேலையை முடித்து, பவர்-டவுன் (மிகக் குறைந்த மின்சாரம் எடுக்கும்) தூக்கத்துக்குப் போகட்டும். வாட்ச்டாக் அதிகபட்சம் 8 வினாடிதான் என்பதால் 112 முறை விழித்து எண்ணினால் 15 நிமிடத்துக்குப் பக்கத்தில் வரும். அது துல்லியமான கடிகாரமல்ல. நேர முத்திரையைக் கேட்வே (செய்தியைப் பெறும் நிலையம்) போடட்டும்.

பலர் சறுக்குவது தூங்கப் போகும் அந்த ஒரு கணத்தில். கொடி ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டீர்கள், தூங்கும் கட்டளைக்கு முன்னால் கலன் கவிழ்கிறது, கொடி ஏறுகிறது, சிப் அதைப் பார்க்காமலே தூங்குகிறது. அந்த வேலை அடுத்த விழிப்பு வரை அப்படியே கிடக்கும். எழுப்ப வேண்டிய நிகழ்வே டிஐஓ0 என்றால், வாட்ச்டாக்கும் ஓடவில்லை என்றால், அடுத்து கலன் கவிழும் வரை நோடு (உங்கள் கருவி) எழாது. சரியான வரிசை இது: இன்டரப்ட்டை அணை, கொடிகளைப் பார், எதுவும் இல்லையென்றால் தூக்கத்தை இயலச்செய், இன்டரப்ட்டைத் திற, அடுத்த கட்டளையே தூக்கம். ஏவிஆரில் இன்டரப்ட்டைத் திறந்ததும் அடுத்த ஒரு கட்டளை முடிந்த பிறகுதான் காத்திருக்கும் இன்டரப்ட் நுழையும். ஆகவே நடுவில் இடைவெளியே இல்லை. இரண்டுக்கும் இடையில் வேறு எந்த வரியையும் செருகாதீர்கள்.

எண்ணிக்கை 16 பிட் என்றால் வாலட்டைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்) மட்டும் போடுவது போதாது. 8 பிட் சிப் அதை இரண்டு தடவையாகப் படிக்கிறது. 255 என்பது 256 ஆகும் நேரத்தில் படித்தால் 511 கூட வரலாம். இன்டரப்ட்டை அணைத்து, நகலெடுத்து, பூஜ்ஜியமாக்கி, பிறகு திறக்கவும்.

பின் சேஞ்ச் இன்டரப்ட் (பின்னின் நிலை மாறினால் வருவது) சுவிட்ச் மூடும்போதும் திறக்கும்போதும் வரும். பின் தாழ்ந்திருந்தால் மட்டும் எண்ணுங்கள். ரீட் சுவிட்சின் அதிர்வை மில்லிஸ் (மில்லிவினாடி எண்ணி) வைத்து வடிகட்ட முடியாது, பவர்-டவுனில் அந்த எண்ணி நின்றுவிடும். 100 கிலோஓம் புல்-அப் (பின்னை உயர்நிலையில் வைக்கும் ரெசிஸ்டர்), 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர், சுவிட்சுக்குத் தொடராக 1 கிலோஓம் போதும். பினாங்கு ஈரக்காற்றில் போர்டு வியர்த்தால் 100 கிலோஓம் லைன் கசிந்து தாழ்ந்து நிற்கும். அந்த இடத்துக்கு ஈரம் புகாத பூச்சு அடியுங்கள்.

டிஎஸ்18பி20 12 பிட்டில் அளக்க 750 மில்லிவினாடி வரை எடுக்கும். அளவீட்டைத் தொடங்கிவிட்டு வாட்ச்டாக்கை 1 வினாடிக்கு மாற்றித் தூங்குங்கள், எழுந்து படியுங்கள். 85 டிகிரி என்று வந்தால் தோட்டம் தீப்பிடிக்கவில்லை. மின்சாரம் வந்ததும் சென்சார் வைத்திருக்கும் ஆரம்ப மதிப்பு அது, அளவீடு முடியுமுன் படித்துவிட்டீர்கள். சென்சாருக்குக் குறைந்தது 3 வோல்ட் வேண்டும் என்பதால் இரண்டு ஏஏ செல் சரிப்படாது. மூன்று செல், எம்சிபி1700 ரெகுலேட்டர் வைக்கவும்.

அனுப்பி முடித்ததும் ரேடியோவை ஸ்டாண்ட்பையில் விடாமல் ஸ்லீப்புக்குத் தள்ளுங்கள். ஸ்டாண்ட்பையில் 1.6 மில்லிஆம்ப், அது மட்டுமே 52 நாளில் 2000 மில்லிஆம்ப்-மணியைத் தின்றுவிடும். மாட்யூல் 868 மெகாஹெர்ட்ஸ் வகையா என்று பாருங்கள். மலேசியாவுக்கு அது அல்ல, 919-924 மெகாஹெர்ட்ஸ் பட்டை.

கான்டிக்கி (சிறு கருவிகளுக்கான இயங்குதளம்) தரும் புரோட்டோத்ரெட், அதாவது தனி ஸ்டாக் இல்லாமல் பல வேலைகளை மாறிமாறி ஓட்டும் முறை, இதற்கு நன்றாகப் பொருந்தும், ஒன்றுக்கு 2 பைட் போதும். காத்திருந்து திரும்பும்போது லோக்கல் மாறிகள் அழிந்திருக்கும், ஸ்டாட்டிக் ஆக்குங்கள். நான்கு நிகழ்வுகளுக்கு அதுவும் தேவையில்லை என்பேன். 2 கேபி ராமில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஸ்டாக் (தற்காலிக நினைவகப் பகுதி) கேட்கும் ஆர்டிஓஎஸ் (நிகழ்நேர இயங்குதளம்) வேண்டவே வேண்டாம்.

தூக்கத்தில் மொத்தம் 10 மைக்ரோஆம்பை ஒட்டி இருக்க வேண்டும். மில்லிஆம்பில் நின்றால் முதல் சந்தேகம் போர்டின் பவர் எல்இடி, அடுத்தது அதன் சொந்த ரெகுலேட்டர். இருபது, முப்பது மைக்ரோஆம்ப் என்றால் பிரவுன்-அவுட் கண்காணிப்பு (வோல்டேஜ் குறைந்தால் சிப்பை ரீசெட் செய்வது). மல்டிமீட்டரை முதலில் மில்லிஆம்பில் வைத்து, தூங்கிய பிறகு மைக்ரோவுக்கு மாற்றுங்கள். மைக்ரோவிலேயே வைத்திருந்தால் ரேடியோ அனுப்பும்போது மீட்டரிலேயே வோல்டேஜ் விழுந்து சிப் ரீசெட் ஆகும்.