அப்பா அண்ணாந்து பார்த்த மிராஜ்

கடிதம்:

அண்ணே வணக்கம். 1941ல சுங்கை பட்டாணி ஏர்பீல்ட்ல நின்ன பஃபலோ போர் விமானத்தை, பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கி ஒட்டி செஞ்சதைப் பத்தி எழுதியிருந்தீங்கல்ல, அதைப் படிச்சிட்டுத்தான் எழுதறேன். எங்கப்பா செபராங் பிறை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவர். சின்ன வயசுல பாட்டியோட மங்கு (ரப்பர் பால் புடிக்கற கிண்ணம்) தொடைக்கப் போறப்ப பட்டர்வொர்த் விமானத் தளத்துலேர்ந்து கிளம்பற மிராஜ் போர் ஜெட் தலைக்கு மேல போகும்னு இன்னைக்கும் சொல்லுவார். "முக்கோணமா இருக்கும்மா, வாலே இருக்காது"ம்பார். அடுத்த மாசம் அவருக்கு 70. மிராஜ் 3-ஓ கிட் ஒன்னு வாங்கிட்டேன், 72ல் ஒரு பங்கு சைஸ். நான் இதுவரைக்கும் எதையும் ஒட்டிப் பழகினதில்ல. வீட்டுக்காரர் ரெடிமேடா ஒன்னு வாங்கிக் குடுத்துடுங்கறார். அப்பாவுக்கு கை வேற நடுங்குது, தூக்கிப் பார்த்தா உடைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு. செய்யலாமா வேணாமா? என்ன கலர், சக்கரத்தை எறக்கி வைக்கறதா மடக்கறதா?

பேர் போட வேணாம், கூலிம்.

பதில்:

தங்கச்சி, செய்ங்க. கண்டிப்பா செய்ங்க.

உங்க கடிதத்துல என்னை நிறுத்தின எடம் "வாலே இருக்காது"ங்கறதுதான். மிராஜுக்கு வால் இருக்கும்மா, முதுகுக்கு மேல நல்லா உசரமா நிமிந்து நிக்கும், படுக்கை வாக்குல உள்ள சின்ன றெக்கை வால்தான் அதுக்குக் கிடையாது. தரையில நிக்கறதை பக்கத்துலேர்ந்து பார்த்தவங்க யாரும் வால் இல்லன்னு சொல்ல மாட்டாங்க. அப்படின்னா உங்கப்பா மனசுல இருக்கறது அடிவயிறுதான், கீழேர்ந்து அண்ணாந்து பார்த்த அந்த முக்கோணம். கிட் செய்யறவங்க முக்காவாசிப் பேர் மேல்பக்கத்துக்கு உயிரைக் குடுத்துட்டு அடிப்பக்கத்தை யாரு பார்க்கப் போறான்னு விட்டுடுவாங்க, நீங்க அப்படியே தலைகீழா செய்யணும், அடிவயித்தை ஒழுங்கா செய்ங்க, மேல கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான், பீடோங் பக்கம். அம்மா ரப்பர் பால் வெட்ட நான் பின்னாலயே வாளியத் தூக்கிட்டு நடப்பேன். மர நெரைக்கும் நெரைக்கும் நடுவுல வானம் ஒரு துண்டு வேட்டி அகலத்துக்குத்தான் தெரியும், அதுல ஜெட் வந்தா ஒரு கண் சிமிட்டற நேரம்தான், சத்தம் கேட்டு தலையத் தூக்கறதுக்குள்ள அது அடுத்த நெரைக்குப் போயிருக்கும், நாங்க சத்தத்தைத்தான் பார்த்துக்கிட்டு நிப்போம். ஆனா பிப்ரவரி, மார்ச் வாக்குல மரம் எல எல்லாம் கொட்டிட்டு மொட்டையா நிக்கும் பாருங்க, அப்ப வானம் முழுசா தொறந்துக்கும். முழுசாப் பார்த்ததெல்லாம் அந்த ரெண்டு மாசத்துலதான். உங்கப்பாவும் அப்படித்தான் பார்த்திருப்பார்னு நெனைக்கறேன், கேட்டுப் பாருங்க.

அப்பாவோட வயசும் கணக்குக்கு சரியா வருது. பட்டர்வொர்த் தளம் 1958ல ஆஸ்திரேலியாக்காரங்க கைக்குப் போச்சு, முதல்ல சேபர் ஜெட் வந்துச்சு, அதோட றெக்கை பின்பக்கமா சாஞ்சிருக்கும், வாலும் தெளிவாத் தெரியும். மிராஜ் வந்தது 1967ல, 75ஆவது ஸ்குவாட்ரனோட (விமானப்படைப் பிரிவு), அப்பாவுக்கு அப்ப 12 வயசு வாக்குல இருக்கும். 1969ல 3ஆவது ஸ்குவாட்ரனும் மிராஜோட வந்துச்சு. 75 டார்வினுக்குப் போனது 1983ல, 3 போனது 1986ல, 1988ல தளமே மலேசிய விமானப்படை கைக்கு வந்துடுச்சு. இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா உங்க பெட்டியில இருக்கற டிகால் ஷீட்ல (தண்ணியில நனைச்சு ஒட்டற ஸ்டிக்கர் தாள்) பல ஸ்குவாட்ரனோட அடையாளம் கலந்து இருக்கலாம், அதுல 75 இல்லன்னா 3 எடுங்க. 77 எடுத்துடாதீங்க, அவங்க சேபர் காலத்துல பட்டர்வொர்த்துல இருந்தாங்க, மிராஜ் ஓட்டினது ஆஸ்திரேலியாவுல. ரெடிமேடுல இந்த மாதிரி பொறுக்கி எடுக்க முடியாது, கடையில எது வந்திருக்கோ அதுதான்.

பெட்டியில 3-ஓன்னு போட்டிருக்கறது நல்லதாப் போச்சு, ஆஸ்திரேலியாக்காரங்க ஓட்டின வகை அதுதான். 3-சி கிட்டா இருந்தா மூக்குப் பக்கம் நெஜத்துல 30 செண்டிமீட்டர் குட்டை, உங்க சைஸ்ல அது 4 மில்லிமீட்டர்.

கலருக்கு அப்பாகிட்டயே பேச்சுவாக்குல ஒரு கேள்வி கேளுங்க: வெயில்ல பளபளன்னு மின்னுமா? மின்னும்னு சொன்னா வெள்ளி நிறம், வந்த புதுசுல அப்படித்தான் இருந்துச்சு. இல்லம்மா மங்கலா இருக்கும்னு சொன்னா பிற்காலத்துல அடிச்ச கலர், மேல பச்சையும் சாம்பலும் திட்டுத் திட்டா, அடியில வெளிர் சாம்பல். அவர் சொல்றதை அடிங்க, புஸ்தகத்துல என்ன இருந்தாலும் சரி.

சக்கரத்தை மடக்கிடுங்க, பறந்ததைத்தானே பார்த்தார். கிட்டுல கதவெல்லாம் தொறந்து நிக்கற மாதிரி வெட்டியிருப்பாங்க, மூடினா சரியா உக்காராது, உள்பக்கம் மிச்சப் பிளாஸ்டிக் துண்டை முட்டுக் குடுத்து ஒட்டி ஓரத்தை மெதுவா தேய்ங்க. பைலட் பொம்மை இருந்தா மறக்காம உக்கார வைங்க, பறக்கற விமானத்துல ஆள் இல்லாம விடக்கூடாது. றெக்கைக்கு அடியில ரெண்டு எண்ணெய் டேங்க், அதையும் மாட்டுங்க.

ஒட்டறதுக்கு முன்ன துண்டுங்க சேர்ந்திருக்கற பிளாஸ்டிக் சட்டத்தை பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணியில கழுவிக் காய வைங்க, அச்சுல போட்ட எண்ணெய் ஒட்டிக்கிட்டு இருக்கும், பெயிண்ட் புடிக்காது. அப்புறம் றெக்கையோட அடிப்பாகம் உடம்போட சேர்ற எடத்துல வயித்துக்குக் குறுக்க ஒரு கோடு வரும், அங்கதான் பொறுமை வேணும். புட்டி (இடுக்கை அடைக்கற பசை) வெச்சு ஒரு ராத்திரி விடுங்க, ஈரம் தொட்ட நைஸ் மணல்தாள்ல தேய்ங்க, தேய்ச்சிட்டு ஜன்னல்கிட்ட போய் விமானத்தை தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு அடியிலேர்ந்து பாருங்க, அப்பா பார்த்த மாதிரி. மேஜையில வெச்சுப் பார்க்கறப்ப தெரியாத கோடு அப்படிப் பிடிச்சா பளிச்சுன்னு தெரியும். நான் பஃபலோவுக்கு இதையே நாலு தடவை செஞ்சேன், நாலாவது தடவைதான் விரல் நகத்தை இழுத்தா தட்டலை.

ஸ்ப்ரே அடிக்கறதா இருந்தா நம்ம ஊர் மழையை மனசுல வெச்சுக்குங்க. சாயங்காலம் மேகம் கூடி காத்துல ஈரம் ஏறினப்புறம் அடிச்சா பெயிண்ட் மேல வெள்ளையா பூத்துடும், காலையில வெயில் ஏறினதும் அடிங்க, மெல்லிசா ரெண்டு மூணு தரம். டிகால் ஒட்டறதுக்கு முன்ன பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் குடுங்க, சொரசொரப்பான பெயிண்ட் மேல நேரா ஒட்டினா அடியில காத்து மாட்டிக்கிட்டு வெள்ளி மாதிரி மினுங்கும். வெதுவெதுப்பான தண்ணியில அரை நிமிஷம், தாளோட எடுத்து வெச்சு நகர்த்துங்க. ஆஸ்திரேலிய விமானப்படை முத்திரையில வட்டத்துக்குள்ள செவப்பு கங்காரு இருக்கும், உடம்புல ஒட்டற கங்காரு ரெண்டு பக்கமும் மூக்கைப் பார்த்துத்தான் தாவணும், அதான் இடது வலதுன்னு தனித்தனியா குடுத்திருப்பாங்க.

பைலட் தலைக்கு மேல வர்ற கண்ணாடிக் கூண்டுக்கு மட்டும் சூப்பர் க்ளூ வேணாம். எங்கண்ணன் ரிட்டயர் ஆனப்ப அவருக்குன்னு ஒரு சேபர் செஞ்சேன், எல்லாம் முடிச்சு கடைசியா கூண்டை சூப்பர் க்ளூல ஒட்டிட்டு தூங்கப் போனேன், காலையில பார்த்தா கண்ணாடி உள்ளுக்குள்ள பூராம் பனி புடிச்ச மாதிரி வெளுத்துக் கிடக்கு. அந்த க்ளூவோட ஆவி செய்யற வேலை அது. நாளைக்குக் குடுக்கணும், மாத்துக் கூண்டு கிடையாது, அப்படியேதான் குடுத்தேன். அண்ணன் அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, எனக்குத்தான் அவர் வீட்டுக்குப் போறப்பல்லாம் முதல்ல அது கண்ணுல படும். பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஒட்டற வெள்ளை கம் போதும், காஞ்சா தெளிஞ்சிடும்.

கை நடுங்கறதைப் பத்தி எழுதியிருந்தீங்க. அவர் கையில எடுக்கவே வேணாம்மா. ஒரு ஜாண் நீளம்தான், 21 செண்டிமீட்டர், எடையே இருக்காது. தூண்டில் நைலான் கயித்துல ரெண்டு றெக்கையிலயும் மூக்குலயும் கட்டி அவர் சாஞ்சு படுக்கற நாற்காலிக்கு மேல சீலிங்ல தொங்க விடுங்க, காத்தாடிக்கு நல்லாத் தள்ளி. படுத்துக்கிட்டே அண்ணாந்தா அடிவயிறு தெரியும்.

ஒரு மாசம் தாராளம். தெனம் ராத்திரி ஒரு மணி நேரம் உக்காருங்க, க்ளூ காயறதுக்கும் பெயிண்ட் காயறதுக்கும் நடுவுல நாள் விடுங்க, அவசரப்பட்டு ஒரே ஞாயித்துக்கிழமையில முடிக்கப் பார்க்காதீங்க.

மூக்கு எந்தப் பக்கம் பார்க்கணும்ங்கறதை மட்டும் முன்கூட்டியே நீங்களா முடிவு பண்ணாதீங்க. அன்னைக்கு அப்பாவை நாற்காலியில உக்கார வெச்சிட்டு, ஏணி மேல நின்னுக்கிட்டு கேளுங்க: "அப்பா, எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?"