‘ஐரோப்பிய கார்களுக்கு ஏற்றது’ என்ற ஆயிலும் மறுக்கப்பட்ட வாரண்டியும்

கேள்வி: நான் மன்னார்குடியில் வசிக்கிறேன். என் ஐரோப்பிய டீசல் காருக்கு ஆயில் மாற்றத் தஞ்சாவூர் சர்வீஸ் சென்டரைக் கேட்டபோது, ஆயில் வர இரண்டு வாரம் ஆகும் என்று வாட்ஸ்அப்பில் தெரிவித்தார்கள். எனவே, ‘ஐரோப்பிய கார்களுக்கு ஏற்றது’ என்று அச்சிட்ட ஆயிலைக் கும்பகோணத்தில் வாங்கி மாற்றினேன். மூன்று மாதத்தில் டிபிஎஃப் எனும் புகை வடிகட்டி அடைத்துக்கொண்டது. தவறான ஆயில் என்று கூறி வாரண்டியை மறுக்கிறார்கள். யார்மீது வழக்குத் தொடரலாம்?

பதில்: டிராக்டருக்கும் பம்புசெட்டுக்கும் வேண்டிய ஆயில் டெல்டாவில் எந்தக் கடைத்தெருவிலும் கிடைக்கும், உங்கள் காருக்கானது கிடைக்கவில்லை என்பது மட்டும் சட்டப்படி யாருடைய குற்றமும் ஆகாது. டப்பாவில் என்ன எழுதியிருந்தது என்பதே உங்கள் வழக்கின் அச்சாணி.

‘ஏற்றது’ என்பது ஆயில் நிறுவனம் தானே சொல்லிக்கொள்வது. ‘அங்கீகாரம் பெற்றது’ என்பது கார் நிறுவனம் சோதித்து ஒப்புக்கொண்டது. ஃபோக்ஸ்வாகன் 507 00, மெர்சிடிஸ் 229.51 போன்ற எண்கள் இந்த இரண்டாம் வகை. ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் சங்கமான ஏசிஇஏ டிபிஎஃப் உள்ள கார்களுக்கு வகுத்த சி3 தரத்தில், ஆயில் எரிந்தபின் மிஞ்சும் சல்பேட் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் கையேடு இத்தகைய ஆயிலைக் கேட்டிருந்து, டப்பாவில் அந்த எண் இல்லாதிருந்தால், எதிர்த்தரப்பு ‘பார்த்து வாங்கியிருக்க வேண்டும்’ என்றுதான் வாதிடும். ஆயினும், எல்லா ஐரோப்பிய கார்களுக்கும் பொருந்தும் என்ற எண்ணத்தை ஏற்படுத்தும் வாசகம், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(28) சொல்லும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று வாதிட உங்களுக்கு இடமுண்டு.

வாரண்டி வேறு கதை. வெளியில் பழுதுபார்த்தாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்த நிபந்தனை விதிக்கக் கூடாது, வெளிவேலையால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பல கார் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதன்மீது மேல்முறையீடுகள் நடந்தபோதும் அந்தத் தர்க்கம் உங்களுக்கு உதவும். ஆயில் சாம்பலால் வடிகட்டி நிறையப் பொதுவாகப் பல்லாயிரம் கிலோமீட்டர் ஆகும். ஊருக்குள்ளேயே குறுந்தூரம் ஓட்டினால் புகைக்கரி சேர்ந்து சீக்கிரமே அடைக்கும். எனவே அடைத்தது சாம்பலா கரியா என்று எழுத்தில் கேளுங்கள். சாம்பல் என்றால் பொறுப்பு ஆயில் நிறுவனத்தை நோக்கி நகரும். கரி என்றால் ஆயிலைக் காட்டி வாரண்டியை மறுத்தது நிற்காது, ஆனால் ஓட்டிய விதத்தைக் காரணம் காட்டுவார்கள். பதில் எதுவென்று முன்கூட்டித் தெரியாததால், ஆயில் நிறுவனம், கடை, சர்வீஸ் சென்டர், கார் நிறுவனம் ஆகிய நால்வரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பதே விவேகம்.

பில், காலி டப்பா, அதிலுள்ள பேட்ச் எண், அந்த வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வண்டியிலுள்ள ஆயிலைச் சாட்சிகள் முன் மாதிரி எடுத்து முத்திரையிடாமல் வடிக்க விடாதீர்கள். நுகர்வோர் ஆணையம் அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38இன்படி அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பிறகு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பி, திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டம் என்பதால் தஞ்சாவூருக்கு அலைய வேண்டியதில்லை. வாரண்டி மறுக்கப்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு சென்றுவிட வேண்டும்.