துப்பறியும் கதை எழுத நினைக்கும் மகளுக்கு எதற்குக் கணினிப் பொறியியல்?

ஐயா, பன்னிரண்டாம் வகுப்பை முடித்த உங்கள் மகள் துப்பறியும் நாவல்கள் எழுதவும், ஓவியம் சிற்பம் பற்றி இதழ்களில் எழுதவும் விரும்புகிறார் என்றும், அவருடைய தாய்மாமா நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியலுக்கு இடம் பேசி வைத்திருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து அந்த இடத்தை வாங்காதீர்கள். பிடிக்காத படிப்பில் அரியர் தாள்களோடு அவர் நிற்கும் நாளில் வட்டி கட்ட மாமா வரப்போவதில்லை.

எழுத்து சோறு போடுமா என்று கேட்கிறீர்கள். உடனே போடாது. 1874-இல் லண்டனில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டனின் பள்ளி நண்பர்கள் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனபோது, அவர் ஸ்லேட் கலைப்பள்ளிக்குப் போனார். பட்டம் வாங்காமலே வெளியேறிப் பதிப்பகங்களில் சில ஆண்டுகள் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். ஆயினும் கல்லூரியில் பழகிய நண்பர் ஒருவர் வழியாக 'புக்மேன்' இதழில் ஓவிய நூல்களுக்கு மதிப்புரை எழுதும் வாய்ப்பு வந்தது. 1904-இல் ஓவியர் வாட்ஸைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1910-இல் தொடங்கிய ஃபாதர் பிரவுன் துப்பறியும் கதைகள் அவர் பெயரை நிலைநிறுத்தின. மாதச் சம்பளம், மதிப்புரை, பிறகு கதை என்ற அந்த வரிசையை மகளிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

பெரும்பாலானோர் எண்ணிப் பார்க்காத இடம் ஒன்று உண்டு: 1850-இல் தொடங்கப்பட்ட, சென்னை எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே நான்காண்டு இளங்கவின்கலைப் பட்டப்படிப்பில் ஓவியம், சிற்பம், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு போன்ற பிரிவுகள் உள்ளன. சேர்க்கைக்குச் செய்முறைத் தேர்வு உண்டு என்பதால், இன்றே பென்சிலை எடுத்து வரைந்து பழகச் சொல்லுங்கள். அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் உங்கள் கைக்குள் அடங்கும். அதே எழும்பூரில் பாந்தியன் சாலை அருங்காட்சியகத்தின் வெண்கலக்கூடம் இருக்கிறது. சோழர் காலத்துச் செப்புத்திருமேனியின் கை அமைப்பையும் ஆடை மடிப்பையும் நின்று பார்த்து எழுதக் கற்றவருக்குத் துப்பறியும் கதைக்கான கருவும் அங்கிருந்தே கிடைக்கும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசர், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு ஐம்பது லட்சம் டாலருக்கு விற்கப்பட்டு, 2014-இல் திரும்பி வந்தார். இத்தகைய வழக்குகளில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கோயில்களில் எடுத்து வைத்த புகைப்படங்கள் சிலைகளை அடையாளம் காண உதவியிருக்கின்றன. கலையும் குற்றமும் இப்படி ஒரே கோப்பில் கிடக்கும் நாட்டில், இரண்டையும் அறிந்து தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு.

லட்சக்கணக்கில் பணம் கேட்கும் தனியார் ஊடகப் படிப்புகளையும் வேண்டாம் என்றே சொல்வேன். படிக்கும்போதே மாதம் ஒரு முறை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியில் ஒரு கண்காட்சியைப் பார்த்து, மதிப்புரை எழுதி, ஏதேனும் ஓர் இதழுக்கு அவர் அனுப்பட்டும். பட்டம் பெற்றதும் பதிப்பகத்திலோ வடிவமைப்பு நிறுவனத்திலோ ஒரு வேலையில் சேர்ந்தாக வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் நிபந்தனையாக வைக்கலாம். நாவல் எந்த வயதில் வர வேண்டும் என்பதற்கு நிபந்தனை வைக்க உங்களுக்கும் உரிமை இல்லை, மாமாவுக்கும் இல்லை.